பழங்கஞ்சி வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்கும்?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் பதினோரு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். இப்போது எடை 94 கிலோ. பத்து கிலோவாவது குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, காலையில் பழங்கஞ்சிக்கு மாறிவிட்டார். பழைய சோற்றில் இருக்கும் மாவுச்சத்து உடம்பில் ஒட்டாது, அதனால் எடை தானாக இறங்கும் என்கிறதாம் காணொளி. மாமியார் கட்சி வேறு: "பழஞ்சி குடிச்சா வண்ணந்தான் வைக்கும்." அதாவது உடம்பு பெருக்கும். யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எதுவானாலும் ஐந்து பேருக்கும் ஒரே சமையல்தான். தனித்தனியாக என்னால் பொங்க முடியாது."

கடைசி வரிக்காகவே பதில் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் காணொளி. அதில் பாதி உண்மை. சோறு வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி, இறுக்கமான அமைப்பு குலைந்து இளகுகிறது. ஆறும்போது அதில் ஒரு பகுதி, முக்கியமாக அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகள், மறுபடி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இறுகிவிடுகின்றன. சிறுகுடலின் நொதிகளால் அந்த முறுக்கைப் பிரிக்க முடிவதில்லை. அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. கிராமுக்கு நான்கு கலோரி கிடைக்க வேண்டிய இடத்தில் நமக்கு சுமார் இரண்டுதான் கிடைக்கும். பள்ளிப் பாடம் அளவுக்கு இது போதும்.

இனி கணக்கு. இந்தோனேசியாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளைச் சோற்றை அளந்து பார்த்தார்கள். சுடுசோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராம் செரிக்காத மாவுச்சத்து இருந்தது. பத்து மணி நேரம் வெளியில் ஆறிய சோற்றில் அது 1.30 கிராம். இரண்டு மடங்கு! காணொளிக்காரர்கள் இந்த "இரண்டு மடங்கை" மட்டும் பிடித்துக்கொள்வார்கள். முந்நூறு கிராம் சோறு சாப்பிடுகிறவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு கிராம். மிச்சமாகும் கலோரி நான்கு. அதாவது ஒரே ஒரு கிராம் சீனி. நம் சம்பா அரிசி புழுங்கல், இன்னும் கொஞ்சம் கூடும் என்று வாதாடினால், சரி, அந்த மிச்சம் மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கலோரி. சாயாவில் போடும் சீனியில் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. ஆறிய சோற்றால் சாப்பிட்டபின் ஏறும் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் தணிகிறது என்பது வேறு விஷயம். தராசு முள் இதனால் அசையப் போவதில்லை.

ஆனாலும் கஞ்சியைக் கைவிட வேண்டாம் என்பேன். காரணம் அரிசிக்குள் இல்லை, வயிற்றின் அடிவாசலில் இருக்கிறது. என்னைக் கேட்டால் மனித உடம்பிலேயே மிக அழகான சமையலறைக் கருவி அதுதான்.

இரைப்பையை ஒரு பை என்று நினைத்துக்கொள்கிறோம். மேல்பாதி அப்படித்தான். சாப்பாடு வர வர இளகி விரிந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பாதி கிட்டத்தட்ட ஆட்டுக்கல். சாப்பாடு உள்ளே இருக்கும்போது நிமிடத்துக்கு மூன்று முறை, ஒரே தாளத்தில், அங்கே தசையின் அலை ஒன்று கிளம்பி கீழ்நோக்கி நகரும். அலைக்கு முன்னால் சாப்பாடு வாசலை நோக்கித் தள்ளப்படும். வாசல் முழுதாகத் திறக்காது, கொஞ்சமாகத்தான் விரியும். தண்ணீரும், ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்குள் அரைபட்ட துகள்களும் அந்த இடைவெளியில் நழுவிப் போகும். அதைவிடப் பெரிதாக இருப்பதெல்லாம் மூடும் வாசலில் மோதித் திரும்பி மேலே வரும். அடுத்த அலை அதை மறுபடி தள்ளும், மறுபடி மோதும். மாவாட்டுகிறவர் விளிம்புக்கு ஏறும் மாவை ஒரு கையால் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாரே, அதே வேலைதான். ஆட்டுவதும் சலிப்பதும் ஒரே இடத்தில், ஒரே அலையில்.

இதில் ஒரு வேடிக்கையான விளைவு உண்டு. ஒரு தட்டு சோறும் கூட்டும் சாப்பிட்டு, கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் இரைப்பை சல்லடை அல்லவா? தண்ணீரைத் தனியே பிரித்து முதலில் அனுப்பிவிடும். வெறும் வயிற்றில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. சோறு இருக்கும்போதும் தண்ணீர் அதன் ஓரமாக வழிந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வயிறு மறுபடி சுருங்கும். வயிற்றுச் சுவர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதால், அந்த "நிறைந்துவிட்டது" செய்தியும் சீக்கிரமே தேய்ந்துவிடும். (சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தால் ஜீரண நீர் நீர்த்துப்போகும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் இதுவே பதில். தண்ணீர் அங்கே தங்கினால்தானே நீர்த்துப்போக!)

இப்போது அதே சோறு, அதே கூட்டு, அதே தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கடைந்து கூழாக்கிவிடுங்கள். வயிற்றால் தண்ணீரைப் பிரித்தெடுக்க முடியாது. தண்ணீரின் ஒவ்வொரு துளியிலும் சத்து கலந்திருக்கிறது. சத்துள்ள திரவத்தை முன்சிறுகுடல் சும்மா விடாது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று கலோரி வீதம் போதும் என்று வாசலைக் கட்டுப்படுத்தும். முழுக் கனஅளவும் வயிற்றிலேயே காத்துக்கிடக்கும். பசி வரத் தாமதமாகும்.

இதை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எம்ஆர்ஐ வைத்துப் படமெடுத்தே காட்டினார்கள், 2012இல். கோழியும் காய்கறியும் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு நாள், அவற்றையே அரைத்த சூப்பாக இன்னொரு நாள். சூப் குடித்த நாளில் வயிறு அதிக நேரம் விரிந்தே இருந்தது, பசியும் பிந்தியே வந்தது. எம்ஆர்ஐயை உருவாக்கியதற்காக 2003இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரர். அப்பேர்ப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு "சூப் ஏன் வயிற்றை நிறைக்கிறது" என்று பார்க்க அங்கே பணம் கொடுக்கிறார்கள். இங்கே யாராவது பழங்கஞ்சிக்கும் பயறுக்கும் எம்ஆர்ஐ நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டால் அந்த ஃபைல் எத்தனை மேஜையில் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கொழுப்பைக் கரைக்கும் பொடி என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்க மட்டும் யாரும் தயங்குவதில்லை.

சரி, இதனால் எவ்வளவு மிச்சம்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 1999இல் 24 பெண்களை வைத்துப் பார்த்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நாள் கெட்டியான ஒரு பதார்த்தம், ஒரு நாள் அதே பதார்த்தமும் ஒரு டம்ளர் தண்ணீரும், ஒரு நாள் அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சிய சூப். கலோரி மூன்றிலும் ஒன்றே. சூப் குடித்த நாளில் அவர்கள் மதியம் சுமார் நூறு கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் அதை ஈடுகட்டவும் இல்லை. தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் எந்தப் பலனும் இல்லை. அரிசிக்குள் நடக்கும் வித்தையால் நான்கு கலோரி, வயிற்று வாசலில் நடக்கும் வித்தையால் நூறு. நூறு என்பது தினமும் நடந்தால் சின்ன எண் இல்லை.

அவர்கள் கொடுத்தது சூப், நாம் பேசுவது கஞ்சி. இரண்டும் ஒன்றாகாது. மேலே தெளிந்து நிற்கும் நீரையும் அடியில் கிடக்கும் பருக்கையையும் தனித்தனியாகக் குடித்தால் நீர் முதலில் போய்விடும், அது தண்ணீர் டம்ளர் கதைதான். இங்கேதான் எனக்கு எங்கள் ஆச்சியின் கை ஞாபகம் வருகிறது. இரணியல் வீட்டில், காலையில் மண்சட்டியைத் திறந்து, ராத்திரி தண்ணீர் விட்டு வைத்த சம்பாச் சோற்றை உப்புக் கல் போட்டுப் பிசைவாள். ஐந்து விரலும் உள்ளே போய், பருக்கை முழுதாக ஒன்றுகூட இல்லாமல், தண்ணீர் பால்போல் வெளுக்கும்வரை. அப்புறம்தான் ஈர உள்ளி என்னும் சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகாயும். ஏன் இவ்வளவு நேரம் பிசைகிறாய் என்று கேட்டால், "பிசைஞ்சாத்தான் பிள்ள உச்சைக்கு வரைக்கும் தாங்கும்" என்பாள். உச்சைக்கு, அதாவது மதியம்வரைக்கும், தாங்கத்தான் செய்தது. சல்லடையை ஏமாற்றும் வேலை அது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது, எனக்கும் முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பிசைந்த அரிசி சீக்கிரம் செரிக்கும். அவர்கள் அவ்வளவு பிசைய வேண்டாம், அரிசியைக் குறைத்துப் பயறைக் கூட்டட்டும். கணவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று வாசகி எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பயறு என்றதும் வாசலின் இன்னொரு காவலாளியையும் சொல்லிவிட வேண்டும். கொழுப்போ புரதமோ முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பும். 1928இல் பித்தப்பையைச் சுருக்குவதற்காகத்தான் அது அடையாளம் காணப்பட்டது. அது பசியையும் அடக்குகிறது என்று 1973இல் எலிகளில் கண்டார்கள். வயிற்று வாசலை இறுக்குவதும் அதன் வேலைதான். கஞ்சிக்குச் சிறுபயறும், தேங்காய்த் துவையலும், ஒரு துண்டு சுட்ட சாளை மீனும் சேர்த்து வைத்த ஊர்க்காரர்களுக்கு ஹார்மோன் பெயர் தெரியாமல் போனால் என்ன?

மரச்சீனி என்னும் மரவள்ளிக்கும் இதுவே பொருந்தும். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவி, 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் பக்கத்துப் பட்டினியைத் தாங்கிய கிழங்கு. ஆனால் நூறு கிராம் பச்சைக் கிழங்கில் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. சாளையில் அதே நூறு கிராமுக்குப் புரதம் இருபது கிராம் அளவில் இருக்கும். இன்றைக்குத் தட்டில் கிழங்கு மலையாகவும் சாளை இரண்டு துண்டாகவும் இருக்கிறது. குளச்சலிலிருந்து மீன் வரும் ஊரில் அதைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். கிழங்கு அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் சயனைடு சேர்மங்கள் பெருமளவு அதோடுதான் போகின்றன.

இனி மாமியார். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஒரு ஆளுக்கு எழுபது கிராம் அரிசி போட்ட கஞ்சி சுமார் 250 கலோரி. கூட ஒரு கிண்ணம் நேந்திரங்காய் சிப்ஸ் வைத்துக் கொறித்தால், நூறு கிராம் சிப்ஸே ஐந்நூறைத் தாண்டும், இரண்டு ஆள் கஞ்சி. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அந்தப் பொட்டலம் எப்போது காலியானது என்று வயிற்றுக்கே தெரியாது. அதில் தண்ணீர் இல்லை, விரிக்க ஒன்றும் இல்லை. மாமியார் பார்த்த வண்ணம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆகவே வாசகிக்கு: தனிச் சமையல் வேண்டாம். ராத்திரிக்கு ஐந்து பேருக்கும் ஒரே கஞ்சி, ஒரே பயறு, ஒரே சக்கைத் துவரனோ (பலாக்காய்ப் பொரியல்) கீரையோ. கணவருக்குக் கரண்டி வேண்டாம், பிலாவிலை, அதாவது பலா இலை, கொடுங்கள். இலையைக் கூம்பாக மடக்கி ஈர்க்கு குத்தினால் ஒரு வாய்க்குக் கொள்கிற அளவுதான் கஞ்சி வரும். வயிற்றுச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். ஈர்க்கு எங்கே குத்த வேண்டும், கஞ்சி ஒழுகாமல் எப்படி மடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் மாமியாரைக் கேளுங்கள்.