நித்தியம் கேட்டால் நித்திரை

2016-இல் ஓப்பன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கணினி நிரலுக்குப் படகுப் பந்தய வீடியோ கேம் ஆடப் பழக்கினார்கள். கோஸ்ட் ரன்னர்ஸ் என்பது விளையாட்டின் பெயர். மற்ற படகுகளை முந்திக்கொண்டு பந்தயத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த விளையாட்டில் முந்துவதற்குப் புள்ளி கிடையாது. வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால்தான் புள்ளி ஏறும். நிரலுக்குக் கொடுத்த வேலை அந்தப் புள்ளியைக் கூட்டுவது. அது பந்தயத்தையே விட்டுவிட்டது. ஒதுக்குப்புறமான நீர்ப்பகுதி ஒன்றில் மூன்று இலக்குகள் இருப்பதையும், இடித்த கொஞ்ச நேரத்தில் அவை மறுபடி முளைப்பதையும் கண்டுகொண்டு அங்கேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகள்மேல் மோதியது, எதிர்த்திசையில் ஓடியது. கடைசியில் மனித ஆட்டக்காரர்களின் சராசரியைவிட 20 சதவீதம் அதிகப் புள்ளி எடுத்திருந்தது.

பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பயங்களில் பெரும்பாலானவை இந்தப் படகுக்குள் அடங்கும் என்பது என் எண்ணம். அதன்மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகளும்தான்.

இப்படி ஒரு நிரல் எப்படிக் கற்கிறது? பல லட்சம் திருகுகள் கொண்ட ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாட்ஜிபிடி போன்ற அரட்டை நிரல்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரிகளில் அவை பல ஆயிரம் கோடி இருக்கும். ஒவ்வொரு திருகும் ஓர் எண். முதலில் எல்லாம் கன்னாபின்னாவென்று திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கு ஒரு படத்தையோ வாக்கியத்தையோ கொடுக்கிறோம், அது ஏதோ ஒரு விடை சொல்கிறது. விடை எவ்வளவு தப்பு என்பதை ஒரே ஓர் எண்ணாக மாற்றுகிறோம். எந்தத் திருகை எந்தப் பக்கம் துளி நகர்த்தினால் அந்தத் தப்பு குறையும் என்று நுண்கணிதம் சொல்லிவிடும். எல்லாவற்றையும் துளித் துளி நகர்த்திவிட்டு அடுத்த எடுத்துக்காட்டைக் கொடுக்கிறோம். இதையே கோடிக்கணக்கான முறை செய்தால் பெட்டி பூனையை அடையாளம் காணும், கடிதம் எழுதும், எக்ஸ்ரேயைப் படிக்கும். விதிகளை யாரும் எழுதி வைப்பதில்லை. எந்தத் திருகு எதற்கு என்று செய்தவர்களே முழுதாகச் சொல்ல முடியாததும் அதனால்தான்.

இந்த வேலையில் சூழ்ச்சி எதுவும் கிடையாது. வரப்பில் ஓர் எலிவளை இருந்தால் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். அதற்காகத் தண்ணீரைத் தந்திரக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. தப்பைக் குறைக்கும் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திருகுகள் போகும். படகு நிரல் கண்டுபிடித்தது விளையாட்டின் எலிவளையை.

கும்பகர்ணன் கதை ஞாபகம் வருகிறது. நித்தியத்துவம் கேட்க வந்தவன் நாக்குப் புரண்டு நித்திரத்துவம் கேட்டுவிட்டான் என்று கதை சொல்பவர்கள் சொல்வதுண்டு. கேட்ட வரம் அப்படியே கிடைத்தது. நம் சிக்கல் அதைவிட மோசம். நமக்கு நாக்குப் புரளவில்லை; தெரிந்தேதான் வேறொன்றைக் கேட்கிறோம். வேண்டியதை எண்ணாக்க முடியாதபோது அதற்குப் பக்கத்தில் இருக்கும், எண்ணாக்க முடிந்த எதையாவது கேட்டுவிடுகிறோம். இயந்திரத்துக்குள் வைக்கும் நோக்கம் நாம் உண்மையிலேயே விரும்பும் நோக்கம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1960-இலேயே எழுதினார். அப்போது கணினிகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தன.

படகு எரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. மருத்துவமனையில் அப்படி இல்லை. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பல மருத்துவமனைகள் ஒரு நிரலைப் பயன்படுத்தின. யாருக்கு உடல்நிலை மோசம் என்பதை நேரடியாக எண்ணாக்குவது கடினம். மருத்துவச் செலவோ கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு யாருக்கு அதிகச் செலவாகும் என்று கணிக்க நிரலைப் பழக்கினார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே அளவு நோய் இருந்தாலும் அவர்களுக்காகச் செலவிடப்பட்ட பணம் குறைவு; மருத்துவம் அவர்களுக்கு எளிதில் கிட்டாததும் அதற்கு ஒரு காரணம். நிரல் பணத்தைச் சரியாகவே கணித்தது. அதனால் கறுப்பினத்தவர் நிஜத்தைவிட ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். இத்தனைக்கும் இனம் என்ன என்ற தகவலே நிரலுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வாகும் நோயாளிகளில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பாரபட்சம் காட்டுகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது யாரோ ஒரு நிரலர் மனசுக்குள் வன்மம் வைத்திருந்தார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவன் ஒருவன் இருந்தால் பிடித்துவிடலாம்.

இன்னொரு மருத்துவக் கதை, 1990-களில் நடந்தது. நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கப் பல வகை நிரல்களைப் பழக்கினார்கள். அவற்றில் மிகத் துல்லியமானது ஒரு நரம்பு வலையமைப்பு, அதாவது நாம் பார்த்த திருகுப் பெட்டி. அதே தரவில் பழகிய, மனிதர் படிக்கக்கூடிய விதிகளாக எழுதித் தரும் இன்னொரு நிரல், ஆஸ்துமா இருந்தால் இறப்பு ஆபத்து குறைவு என்று ஒரு விதியை எழுதிக் காட்டியது. மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். விஷயம் இதுதான்: ஆஸ்துமா இருப்பவருக்கு நிமோனியா வந்தால் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால் அவர்கள் பிழைத்தார்கள். நிரலுக்குத் தெரிந்தது பிழைத்த கணக்கு மட்டுமே. அதை நம்பியிருந்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். திருகுப் பெட்டியும் இதையே கற்றிருக்கக்கூடும், ஆனால் வெளியே சொல்லாது. துல்லியம் அதிகமாக இருந்தும் அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று அந்தக் குழுவில் இருந்த ரிச் கருவானா முடிவெடுத்தார்.

இப்போது நாம் பேசிப் பழகிவிட்ட அரட்டை நிரல்களுக்கும் மதிப்பெண் உண்டு. எழுதக் கற்ற பிறகு, இரண்டு பதில்களில் எது நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் சொல்லச் சொல்ல, அந்தத் தீர்ப்புகளைக் கொண்டு மறுபடி பழக்குகிறார்கள். நல்ல பதில் என்பதும் நமக்குப் பிடித்த பதில் என்பதும் ஒன்றா? 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எதைச் சொன்னாலும் ஆகா ஓகோ என்று அது பயனர்களைப் புகழ ஆரம்பித்திருந்தது. புகழ்ந்தால் நமக்குப் பிடிக்கிறது, என்ன செய்வது.

சரி, நல்ல செய்தியும் இருக்கிறது, சிறிய செய்தி இல்லை. புரதங்கள் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். சங்கிலி மடங்கி எடுக்கும் வடிவத்தைப் பொறுத்துத்தான் அதன் வேலை. ஒரு வடிவத்தைச் சோதனைக்கூடத்தில் கண்டறிய மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும். கூகுளின் டீப்மைண்ட் செய்த ஆல்ஃபாஃபோல்ட் 2020-இல் பல புரதங்களின் வடிவத்தைச் சோதனைக்கூடத் துல்லியத்துக்கு நெருக்கமாகக் கணித்தது. இரண்டே ஆண்டுகளில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் எவரும் பார்க்கும்படி இலவசமாக வெளியாயின. 2024 வேதியியல் நோபலில் பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது.

படகு கெடுத்ததை இது எப்படிச் சாதித்தது? திருகுகள் அதே மாதிரித் திருகுகள்தான். மதிப்பெண் வேறு. கணித்த வடிவம் நிஜ வடிவத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதே இங்கே மதிப்பெண். வேண்டியதும் அளப்பதும் ஏறக்குறைய ஒன்றே. 1971 முதல் உலகெங்கும் ஆய்வாளர்கள் பொறுமையாகச் சேர்த்துவைத்த புரத வடிவங்கள் பாடப்புத்தகமாக இருந்தன. 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, விடை வெளியாகாத புரதங்களைக் கொடுத்து எல்லோரையும் சோதிக்கும் ஒரு போட்டியும் இருந்தது, ஏமாற்ற வழியில்லாமல். இந்த மாதிரித் தெளிவான மதிப்பெண் இருக்கும் இடங்களில்தான் ஏஐ மனிதகுலத்துக்குப் பெரிய உதவி செய்யும் என்று நினைக்கிறேன். நீதி, கல்வி, வேலைக்கு ஆளெடுப்பு எல்லாம் அந்த வரிசையில் ரொம்பப் பின்னால்.

அப்புறம், மனிதரையே மிஞ்சும் ஏஐ வந்தால் என்ன ஆகும் என்ற பெரிய கேள்வி. ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, யான் லெகுன் மூவரும் இந்தத் துறைக்காக, கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2018-க்குப் பகிர்ந்துகொண்டவர்கள். முதல் இருவர் கவலைப்படுகிறார்கள். ஆபத்துகளைத் தடையின்றிப் பேசவேண்டும் என்றே ஹின்டன் 2023-இல் கூகுளைவிட்டு வெளியேறினார். லெகுனோ இது மிகையான பயம் என்கிறார். பயத்தின் தர்க்கம் எளியது. எந்த மதிப்பெண்ணைக் கொடுத்தாலும், அணைத்து வைத்த இயந்திரம் அதைக் கூட்ட முடியாது. ஆகவே போதிய திறமை வந்துவிட்டால், அணைக்கப்படாமல் இருப்பதும் அதன் சரிவின் ஒரு பகுதியாகிவிடும். வெறுப்போ உயிராசையோ தேவையில்லை. எந்த ஆண்டில் வரும் என்ற பந்தயங்களில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை.

இதெல்லாம் நாம் தவறான மதிப்பெண்ணைக் கொடுத்துவிடும் கதை. வேண்டுமென்றே கொடுத்தால்? கொலாபரேஷன்ஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் புதிய மருந்து மூலக்கூறுகளைத் தேட ஒரு நிரல் வைத்திருந்தது. நோய்க்கு வேலை செய்தால் மதிப்பெண் கூடும், நச்சாக இருந்தால் குறையும். உயிரி, வேதி ஆயுதங்கள் குறித்த ஒரு மாநாட்டில் பேச அழைப்பு வந்ததால், சோதித்துப் பார்ப்போமே என்று கணக்கைத் தலைகீழாக்கி, நச்சுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள் வந்து குவிந்தன. விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு அதில் இருந்தது. அதைவிடக் கொடியவையாக இருக்கலாம் என்று நிரல் கணித்த புதியவையும் இருந்தன. எதையும் அவர்கள் தயாரித்துப் பார்க்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும் இப்படி ஒரு நினைப்பே தங்களுக்கு வந்ததில்லை என்று 2022-இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.