௬௨௫௦௦௧ சரியான பின்கோடா?

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் கடைக்காரர் போன் போட்டார்: "தம்பி, இந்த அட்ரஸை கூரியர்காரன் கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது." பார்த்தால் பின்கோடு கட்டத்தில் ௬௨௫௦௦௧. ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் தமிழ் எண்களிலேயே அடித்திருக்கிறார்.

அவர் மேல் தப்பில்லை. ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க நான் போட்டிருந்தது பேக்ஸ்லாஷ்-டி (\d), 'ஏதாவது ஒரு இலக்கம்' என்று பொருள்படும் குறி. வெப்சைட்டை எழுதிய பைத்தான் மொழியில் அது 0 முதல் 9 வரையோடு நிற்காது. உலக மொழிகளின் எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்காகப் பட்டியலிடும் யூனிகோடு எதையெல்லாம் பதின்ம இலக்கம் என்று வகைப்படுத்தியிருக்கிறதோ அத்தனையையும் உள்ளே விடும். (எழுத்து விஷயத்தில் நேர்மாறு. 'எழுத்து மட்டும்தானா' என்று கேட்கும் இஸ்-ஆல்ஃபா, 'மதுரை'யையே தள்ளிவிடும். உகரக் குறியும் ஐகாரக் குறியும் யூனிகோடு கணக்கில் எழுத்தல்ல, ஒட்டுக்குறிகள்.)

திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அதே சோதனையை ஆர்டர், மொத்த வியாபாரிகள் பதிவு, புகார் என மூன்று படிவத்திலும் காப்பியடித்து ஒட்டியிருந்தேன். இரண்டைத் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்தேன். அடுத்த வாரம் மறுபடி போன்.

சோதனையை ஒரே இடத்தில் எழுதியிருக்க வேண்டும். பைத்தானில் வெப்சைட் கட்ட நான் பயன்படுத்தும் ஜாங்கோவில் அதற்கு வழி உண்டு: வேலிடேட்டர், அதாவது கட்டத்தில் வந்த மதிப்பைச் சோதிப்பது. அது வெறும் ஒரு ஃபங்ஷனாக இருந்தாலே போதும். மதிப்பை வாங்கும், சரியென்றால் வாய் திறக்காது, தப்பென்றால் வேலிடேஷன் எரர் எறியும். எந்தப் படிவம், எந்தக் கட்டம் என்று அதற்குத் தெரியாது. தெரியாததால்தான் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்: கட்டத்தை அறிவிக்கும்போது வேலிடேட்டர்ஸ் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. பட்டியலில் ஒன்று தடுக்கினாலும் ஜாங்கோ மற்றவற்றையும் ஓட்டி, எல்லாப் பிழைகளையும் சேர்த்துத் தரும். இரண்டு கட்டங்களை ஒப்பிடும் சோதனை மட்டும் இதில் அடங்காது. அது முழுப் படிவத்தையும் பார்க்கும் கிளீன் மெத்தடுக்குப் போக வேண்டும்.

சரி, இனி முதல் இலக்கம் [1-9], மீதி ஐந்தும் [0-9] என்று இறுக்கிவிட்டால் தமிழ் ஐயா வெளியே நிற்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வேலிடேட்டருக்கோ மதிப்பை மாற்றத் தெரியாது. அது எதைத் திருப்பிக் கொடுத்தாலும் ஜாங்கோ கண்டுகொள்ளாது. மாற்றுகிற இடம் கட்டத்தின் டு-பைத்தான் மெத்தட். வேலிடேட்டர்கள் ஓடுவது அதற்குப் பிறகுதான். ஆகவே பின்கோடுக்கென்றே ஒரு ஃபீல்டு கிளாஸ், அதாவது தனிக் கட்ட வகை, எழுதினேன். '625 001' என்று நடுவில் இடைவெளி விட்டிருந்தால் அதை நீக்கும், தமிழ் இலக்கங்களை மாற்றும், அப்புறம் சோதிக்கும். மூன்று படிவத்திலும் இப்போது அந்த ஒரே கிளாஸ்தான்.

ஐயாவின் அடுத்த ஆர்டரும் ௬௨௫௦௦௧ என்றுதான் வந்தது. டேட்டாபேஸ் டேபிளில் 625001 என்று உட்கார்ந்திருந்தது.