வலி வருவதற்கு முன் கருப்பையில் நடக்கும் வேலை

"டாக்டரம்மா, தேதி தாண்டி மூணு நாளாச்சு. ஒரு ஊசியப் போட்டு வலிய வரவச்சிருங்களேன்." உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த அம்மா கேட்டார். குழந்தையின் துடிப்பும் பனிக்குட நீரும் நன்றாகவே இருந்தன. கருப்பை வாய் மட்டும் மூக்கு நுனியைத் தொட்டால் இருப்பதுபோல் கெட்டியாக இருந்தது. அது உதடு மாதிரி இளகியிருந்தால்தான் வலி ஊசிக்குச் சரியான பலன் கிடைக்கும். "இன்னும் பக்குவம் வரலம்மா, கவனமாப் பார்த்துக்கிட்டே ரெண்டு மூணு நாள் பொறுப்போம்" என்றேன்.

அந்தப் பக்குவத்தைக் கொண்டுவருவதில் பெரும்பங்கு அழற்சிக்கு உண்டு. பெயரைக் கேட்டதும் நோய் என்று பயப்பட வேண்டாம். காலில் கருவேல முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதல்லவா? வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு சில வேதிப்பொருட்களைச் சுரப்பதால் வருவது அது. நிறைமாதத்தில், கிருமி எதுவும் இல்லாமலே, அதே அணுக்கள் கருப்பையின் தசைக்குள்ளும் வாய்ப்பகுதிக்குள்ளும் வந்து சேர்கின்றன.

அதுவரை கருப்பையை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரான் ஹார்மோன். அழற்சியை அடக்கி வைப்பதும் அதுதான். ஆடு குட்டி போடும் முன் அதன் ரத்தத்தில் இந்த ஹார்மோன் இறங்கிவிடும். நமக்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை ரத்தத்தில் அளவு குறைவதில்லை; கருப்பைத் தசைதான் அதன் பேச்சைக் கேட்காமல் போகிறது. அப்படிப் போக வைப்பதில் அழற்சிக்கும் பங்குண்டு.

அப்புறம் தசை மாறத் தொடங்குகிறது. மாசி வீதியில் தேர் நகர வேண்டுமானால் வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் அசையாது. கருப்பைத் தசையிலும் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன சிறு வாசல்கள் பெருகுகின்றன. அவற்றின் வழியே சைகை பாய்ந்து, தசை முழுதும் ஒன்றாகச் சுருங்குகிறது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் கூடுகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து சுருக்கத்தைத் தூண்டுகிறது. கருப்பை வாயை இறுக்கிப் பிடித்திருந்த கொலாஜன் நார்களும் தளர்கின்றன. கெட்டியான வாய்க்கு நாங்கள் முதலில் ஜெல் வைப்பது இதனால்தான். அதில் இருப்பது புரோஸ்டாகிளாண்டின்.

இதைத் தெரிந்துகொண்டால் மருந்துக் கடை விஷயம் புரியும். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் என்று தாங்களாகவே வாங்கிப் போடுகிறார்கள். அவை புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை. 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். இன்னும் மாதம் ஏறினால் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் சுருங்கலாம். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவர் எழுதித் தந்த சிறிய அளவு ஆஸ்பிரின் வேறு. அதைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இந்த அழற்சி காலம் முந்தி வருவது. கிருமித் தொற்று இதே பாதையைத் தட்டி எழுப்பிவிடும். திருமங்கலம் பக்கத்தில் விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போகும் ஒரு பெண், 32 வாரத்தில் வந்தார். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல், சிறுநீரை மதியம்வரை அடக்கிவைப்பது அவருக்குப் பழக்கம். முதல் நாள் மாலையே வயிறு இறுகி இறுகி விட்டிருக்கிறது. வீட்டில் சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து இரவைக் கடத்திவிட்டார்கள். வந்தபோது கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது, சிறுநீரில் தொற்று. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டோம். அதன் முழுப் பலனுக்கு ஒரு நாளாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஆறு மணி நேரம். குழந்தை பிழைத்தது, பல நாள் தீவிரப் பிரிவில் இருந்த பிறகு.

நிறைமாதத்தில் சீரகக் கஷாயம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. 37 வாரம் முடியும் முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சலோ சிறுநீரில் எரிச்சலோ இருந்தாலோ, அடுப்பைப் பற்றவைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும். எரிச்சலே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கும். அதனால்தான் ஒன்றும் தொந்தரவு இல்லை என்று சொன்னாலும் நாங்கள் சிறுநீர் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுகிறோம்.