கிட்னியை எடுத்த பிறகும் ஒரு ரிப்போர்ட் பாக்கி இருக்கிறது

பையனுக்கு 26 வயது. சிறுநீரில் ரத்தம் வந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று இளநீர், கல்லாக இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு, இப்படியே நான்கு மாதம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் இடது சிறுநீரகத்தில் பெரிய கட்டி. ஆபரேஷன் செய்து, எடுத்த சிறுநீரகத்தை ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு, நோயியல் மருத்துவரான என்னிடம் அனுப்பினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தேன். வில்ம்ஸ் கட்டி. சிறுநீரகப் புற்றுநோயில் ஒரு வகை, வழக்கமாக மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வருவது.

ரிப்போர்ட்டை வாங்க ஆளே வரவில்லை. ஏழு வாரம் கழித்து அண்ணன் வந்தார். "அதான் கிட்னியையே எடுத்தாச்சே டாக்டர், இன்னும் என்ன?"

இந்தக் கேள்வியை எத்தனை பேரிடமிருந்துதான் கேட்பது! சரி, இன்னொரு முறை சொல்கிறேன். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் சிறுநீரகப் புற்றுநோய் வேறு. அது பரவாமல் இருந்தால் பலருக்கு ஆபரேஷனே போதும், வழக்கமான கீமோவுக்கு அது அசையாது. வில்ம்ஸ் அப்படியல்ல. கட்டியை முழுசாக எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கரையும். குழந்தைகளில் 100க்கு 90 பேர் பிழைப்பது அதனால்தான். பெரியவர்களுக்கும் அதே மருந்துகள் உண்டு, ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எந்த நோய் என்று சொல்வது நீங்கள் வாங்காமல் விட்ட அந்தத் தாள்தான்.

பெரியவர்களில் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத நோய் இது. பெரியவர்களைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர்களில் பலர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே குழந்தைப் புற்றுநோய் மருத்துவரிடமும் கலந்து பேசச் சொல்லுங்கள். கட்டியின் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கீமோவில் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து பெரியவர்களுக்குக் கை கால்களை மரத்துப்போகச் செய்யும். பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லுங்கள். அறுவை மருத்துவ நண்பர்களே, படிவத்தில் 'கிட்னி கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வயதையும் எழுதுங்கள்.

சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றுபோனாலும் ஸ்கேன் எடுங்கள். இளநீர் அப்புறம் குடிக்கலாம்.

அந்தப் பையனுக்கு நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. கீமோ தொடங்கியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "பயாப்சி ரிப்போர்ட் என்றைக்கு வரும்?" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவர் வாருங்கள், தயவுசெய்து.