கம்பி அறுந்ததா, கம்பமே சாய்ந்ததா?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒருவர் நாற்காலியின் முதுகின் மேல் கையைத் தொங்கவிட்டபடி அசந்து தூங்கிவிடுகிறார் என்று வையுங்கள். விடிந்ததும் டீ கிளாஸை எடுக்கப் போனால் மணிக்கட்டு எழும்பவில்லை. வாடிய வாழையிலை போலத் தொங்குகிறது. வீட்டில் 'பக்கவாதம்' என்று அழுகை தொடங்கிவிடும். முகம், பேச்சு, கால் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அந்தச் சந்தேகத்தை மருத்துவர்தான் தீர்க்க வேண்டும், அதுவும் உடனே.

இங்கே நசுங்கியது ரேடியல் நரம்பு. மேற்கை எலும்பின் பின்புறம், எலும்பை ஒட்டியே சுற்றி இறங்குவதால் அழுத்தத்துக்கு எளிதில் அகப்படும். முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் நசுங்கும் இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடும். அதனால் முழங்கை நீளும், மணிக்கட்டும் விரல்களும் மட்டும் நிமிராது. பிடியும் தளரும். நம்பாதவர்கள் மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு கையை இறுக்கி மூடிப் பார்க்கலாம். விரலை மடக்கும் தசைகளில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பிடி இறுகாது.

ஆங்கிலத்தில் இதற்குச் 'சனிக்கிழமை இரவு வாதம்' என்று பெயர். கை மரத்துப்போனால் நாம் தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். போதையில் கிடப்பவர் புரளுவதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் நரம்பு மூன்று விதமாகக் கெட்டிருக்கலாம் என்று 1943இல் வகுத்தவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன். 2011 டிசம்பரில் மின்கம்பங்களைச் சாய்த்த 'தானே' புயலைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கம்பியும் கம்பமும் அப்படியே இருக்க, ஓரிடத்தில் மட்டும் மின்சாரம் தாண்டாமல் நிற்பது முதல் வகை, நியூராப்ராக்சியா. நரம்பிழையின் மேலுறையான மயலின் அழுத்தத்தில் சிதைந்திருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில் சரியாகும். தூக்கத்தில் நசுங்கிய கைகள் பெரும்பாலும் இந்த வகைதான். கம்பி அறுந்து கம்பங்கள் நின்றால் ஆக்சனாட்மெசிஸ். இழையைச் சுற்றிய மெல்லிய குழாய்களே இங்கே கம்பங்கள். அவற்றின் வழியே புது இழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். 10 சென்டிமீட்டருக்கு நூறு நாள். கம்பங்களும் சாய்ந்துவிட்டால் நியூராட்மெசிஸ். கத்தி வெட்டில் வருவது, தைத்துத்தான் ஆக வேண்டும். இடைப்பட்ட நிலைகளையும் பிரித்து 1951இல் ஆஸ்திரேலிய மருத்துவ அறிஞர் சிட்னி சண்டர்லாண்ட் ஐந்து படிகளாக்கினார்.

முதல் நாளே இது எந்த வகை என்று கேட்டு மருத்துவரை நெருக்குவதில் பயனில்லை. அறுந்த இழையும் நசுங்கிய இடத்துக்குக் கீழே சில நாள் மின்தூண்டலுக்குப் பதில் சொல்லும். பத்து நாள் கழித்தும் பதில் வந்தால் இழை உயிரோடிருக்கிறது என்று பொருள்.

அறுந்திருந்தால் அடுத்த சோதனைக்கு விரல் போதும். மருத்துவர் நரம்பின் பாதையில் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். புது இழையின் நுனி இருக்கும் இடத்தில் 'சுரீர்' என்று விரல்வரை ஓடும். அங்கே பேனாவால் ஒரு கோடு. அடுத்த மாதம் அந்தச் 'சுரீர்' மூன்று சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கியிருந்தால், இழை வளர்ந்துகொண்டிருக்கிறது.