கேமிங் பிசி: ஸ்லாட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்கே விலை குறைவோ அங்கே பிசி பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, அசெம்பிள் செய்ய மட்டும் என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அதில் தப்பில்லை, காசு மிச்சம்தான். ஆனால் நாலு கடையில் வாங்கும்போது, எது எதோடு சேரும் என்று பார்ப்பது எந்தக் கடைக்காரரின் வேலையும் இல்லை. அது உங்கள் வேலை.

லிஸ்ட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பிசிக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை. பெரும்பாலும் "கேபினட்டோடு வருவது, 450 வாட்" என்று எழுதியிருக்கும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். மேலே பெரிதாக 450. கீழே கட்டத்துக்குள், 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பார்த்தால் 192 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டிலிருந்து. இன்டெல் ஐ3 12100எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 89 வாட் வரை போகும். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட். கூட்டினால் 221. விண்டோஸ் வரும், யூடியூப் ஓடும். கேம் திறந்து கொஞ்ச நேரத்தில் பிசி பட்டென்று அணையும். பழி மட்டும் கார்டின் மேல் விழும். உருப்படியான 450 வாட் யூனிட் என்றால் அதே கட்டத்தில் 400ஐ ஒட்டி வரும். 550 வாட் வாங்கினால் நிம்மதி.

அந்தக் கார்டுக்கு 8 பின் பவர் வேறு வேண்டும். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே இருக்காது. மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் கனெக்டரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டரை வைத்து ஒப்பேற்றினால் கனெக்டர் சூடாகி உருகலாம். பிராசஸருக்குப் போகும் 8 பின் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறியிருக்கும். அதை இதில் அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது பயாஸ், பிசியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர். "அண்ணா, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல" என்று போன் வந்தால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன போர்டு, என்ன பிராசஸர்?" பழைய ஸ்டாக் பி450 போர்டில் ரைசன் 5 5600 பிராசஸர் என்பார்கள். இரண்டும் ஏஎம்4 சாக்கெட்தான், அழகாக உட்காரும். ஆனால் 5600 வந்தது 2022இல். அதற்கு முன் தயாரான போர்டின் பயாஸுக்கு அந்தப் பிராசஸரைத் தெரியாமல் இருக்கலாம். எச்610 போர்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் போடும்போதும் இதே கதை. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும்; எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து ஓடும் என்று பிராசஸர் பெயருக்கு நேராகவே போட்டிருப்பார்கள். வாங்கும் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து முடித்துவிடலாம்.

ஓடும், ஆனால் முழுதாக ஓடாது என்றும் ஒரு வகை உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலைக்காக ஆசைப்படவைக்கும் கார்டு. அது பிசிஐ எக்ஸ்பிரஸில், அதாவது கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் பாதையில், நாலே லேன்களைத்தான் பயன்படுத்துகிறது. அந்தப் பாதையின் 4.0 வெர்ஷன் உள்ள போர்டில் சமாளிக்கும். பி450, ஏ520 போர்டுகளில் 3.0தான், பாதை பாதியாகிவிடும். மெமரியும் 4 ஜிபிதான் என்பதால் பெரிய கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) சரியும். பி550 போர்டு வாங்கினாலும் 5600ஜி, 5500 போன்ற பிராசஸர்கள் 3.0வோடு நின்றுவிடும். 6500 எக்ஸ்டியும் 3.0வும் சேர்ந்த இந்த ஜோடியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். எச்610 போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைகளிலும் வருகிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. 16 ஜிபி ஒற்றைக் குச்சிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி வாங்குங்கள். பழைய இன்டெல் கூலரின் துளைகள் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டில் பொருந்தாது. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்துவிட்டுக் கேபினட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், எல்லாம் சரியாக மாட்டிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி, டிஸ்ப்ளே வரவில்லை என்று போன் செய்கிறவர்களும் உண்டு. பெயரில் எஃப் இருக்கும் இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸே கிடையாது. கேபிளைக் கார்டில் செருகுங்கள்.