அறுந்த ரப்பர் பட்டையும் ஒரு துண்டும்: வீட்டில் பிலாட்டீஸ் பழக என்ன வேண்டும்?

போன மே மாதம் வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டு மாடி அறையில் பிலாட்டீஸ் செய்துகொண்டிருந்தேன். மூச்சோடு சேர்த்து மெல்ல அசைந்து வயிறு, முதுகுத் தசைகளைப் பழக்கும் உடற்பயிற்சி அது. காலில் மாட்டி இழுத்த ரப்பர் பட்டை படாரென்று அறுந்து முழங்கையில் அடித்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எடுத்துப் பார்த்தால், ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த இடத்தில் மட்டும் குறுக்கே சின்னச் சின்ன வெடிப்புகள்.

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுகள் நூல்கண்டு சிக்கியதுபோலச் சுருண்டு கிடக்கும் பொருள். இழுக்கும்போது அந்தச் சுருள் பிரிந்து நூல்கள் வரிசையாகின்றன. விட்டால் மறுபடி சுருண்டுகொள்கின்றன. இதை நீங்களே உணரலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சற்று நேரம் இழுத்தபடியே வைத்திருந்து, தளர்த்திவிட்டு வையுங்கள், குளிர்ச்சி தெரியும். இந்த மூலக்கூறுகளுக்கு எதிரி காற்றில் துளியளவு இருக்கும் ஓசோன். அது சங்கிலியின் இணைப்புகளை வெட்டுகிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் வெட்டுப்பட்ட இடம் வாய் பிளந்து வெடிப்பாகிறது. முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் அந்த வளைவு இரவும் பகலும் இழுபட்டே கிடக்கும். அதோடு வேலூர் வெயிலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! இப்போது பட்டையைத் துடைத்து, லேசாகப் பவுடர் தடவி, சுருட்டித் துணிப்பையில் போட்டு, கீழ் வீட்டு அலமாரியில் வைக்கிறேன். இழுப்பதற்கு முன்பு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்தப் பட்டை, பிலாட்டீஸ் கருவிகளில் இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வந்த பொருள். இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் ஜெர்மனியில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ். முதல் உலகப் போரின்போது பிரிட்டனை அடுத்த ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார் என்று சொல்வார்கள். பின்னாளில் நியூயார்க்கில் அவர் வைத்திருந்த கருவிகளிலும் அந்தக் கட்டிலின் சாயல் இருந்தது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வேலூர் பாகாயம் நினைவுக்கு வரும். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாகவும் இருந்தார். நிற்க முடியாத உடம்புக்கும் பயிற்சி உண்டு என்பதை வேலூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கையில் தூக்கும் எடை, எங்கே தூக்கினாலும் அதே எடைதான். ஸ்பிரிங் அப்படியில்லை. எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு எதிர்த்து இழுக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இது. ஆகவே அசைவின் தொடக்கம் லேசாகவும் முடிவு கடினமாகவும் இருக்கும். திரும்பி வரும்போது ஸ்பிரிங் நம்மை வெடுக்கென்று இழுக்கப் பார்க்கும். அதை மெல்ல விடுவதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. ரப்பர் பட்டையும் ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் அதில் இன்னொரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் பட்டையை அரை மீட்டர் இழுத்தால் 50 சதவீத நீட்சி. அதையே கையில் சுற்றி அரை மீட்டராக்கிக்கொண்டு அதே அரை மீட்டர் இழுத்தால் 100 சதவீதம். பட்டை மாறவில்லை, பிடி மாறியது, பளு கூடிவிட்டது. அதனால் ஐந்து நிறத்தில் ஐந்து பட்டை வாங்கத் தேவையில்லை. நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவும் கிடையாது. இரண்டு மீட்டர் நீளத்தில் லேசான தட்டைப் பட்டை ஒன்று போதும்.

பலருக்கும் பிடிபடாத விஷயம், கருவி எப்போதும் எதிர்ப்பதில்லை, பல நேரம் தாங்குகிறது என்பதுதான். மல்லாந்து படுத்து, கால் நீட்டி, முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாகச் சுருட்டி எழ வேண்டும் என்று வையுங்கள். தலை, கை, உடல் எல்லாம் சேர்ந்தால் உடம்பின் எடையில் பாதிக்கு மேல். பாதத்தில் பட்டையை மாட்டிக் கையால் பிடித்துக்கொண்டால் அந்தச் சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். ரிஃபார்மர் என்ற ஓடும் படுக்கைக் கருவியிலும், சில பயிற்சிகளில் ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபமாவதற்குப் பதில் கடினமாகும். படுக்கை ஓடாமல் பிடித்து நிறுத்தும் வேலை வயிற்றுக்கு வந்துவிடும். தரையில் விரிக்கும் வெறும் மேட் மீது செய்வதுதான் ஆரம்பநிலை, கருவியெல்லாம் பிற்பாடு என்று நினைப்பது சரியல்ல. மேட் மீது தாங்க ஆளில்லை, உடம்பே தாங்கிக்கொள்ள வேண்டும்.

உடம்புக்குள் தாங்க வேண்டியது எது? அடிவயிற்றைப் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் குறுக்குத் தசை, மேலே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள். நான்கும் சேர்ந்து இறுகினால் வயிறு காற்றடைத்த உருளைபோல முதுகைத் தாங்கும். கையைத் தூக்கும்போது, கையின் தசைக்கு முன்பே அந்தக் குறுக்குத் தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது என்றும், முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதிக்கிறது என்றும் 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதற்காக பிலாட்டீஸ் முதுகுவலிக்குத் தனி மருந்து ஆகிவிடாது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சும்மா இருப்பதைவிட நல்லது, மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் தெரிந்தது. பிடித்திருந்தால் தொடர்ந்து செய்வீர்கள் அல்லவா, அது போதுமான காரணம்.

பணம் போட வேண்டிய இடம் மேட். யோகா மேட் பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன். பிலாட்டீஸில் முதுகெலும்பின் மேலேயே உருள்கிறோம். எலும்பு முனையில் எடை முழுவதும் இறங்கினால் அழுத்தம் பொறுக்காது, நுரை அதைப் பரப்பிவிடும். அதனால் 10 முதல் 15 மில்லிமீட்டர் நல்லது. ஆனால் அதன்மேல் நின்று செய்தால் கால் புதையும், நிற்கும் பயிற்சிக்கு மேட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். கோடையில் நுரை வியர்வையை உறிஞ்சாமல் வழுக்கும், மேலே ஒரு பருத்தித் துண்டு விரியுங்கள். மேட் வாங்கும்வரை ஜமுக்காளத்தை நான்காக மடித்து, மேலே வந்தவாசிக் கோரைப் பாய் போட்டுச் செய்யலாம். பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் வீட்டில் அந்தப் பாய் இல்லாமல் இருக்காது. டைல்ஸ் தரையில் அது நகரும், ஓரத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

ஒன்பது அங்குல மெத்துப் பந்து ஒன்று உபயோகப்படும். கைகளுக்கோ கால்களுக்கோ நடுவே வைத்து அழுத்தும் பிலாட்டீஸ் வளையம் வேண்டாம். ரிஃபார்மர் அறையில் ஒரு கட்டிலின் இடத்தைப் பிடிக்கும், முதல் வருஷத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

யாரிடம் கற்பது என்பதில் இதைவிடக் கவனம் வேண்டும். பிலாட்டீஸ் என்பது பொதுப்பெயர், தனிச் சொத்தல்ல என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கற்றுத் தரலாம். ஜோசப் பிலாட்டீஸ் 1945இல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகள் உண்டு. எல்லாமே எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முன்பக்கம் சுருளும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்ற அம்மாக்கள், பெரியம்மாக்கள் வீடியோவைப் பார்த்து ஆரம்பிக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். வீடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது, சொல்பவர் எங்கே மூச்சை விட வேண்டும், எங்கே வலித்தால் நிறுத்த வேண்டும், முடியாதவர்கள் எப்படி மாற்றிச் செய்யலாம் என்றெல்லாம் சொல்கிறாரா என்று பாருங்கள். இசை போட்டு வேகமாக ஓட்டினால் மூடிவிடுங்கள். அப்புறம், வீடியோ உங்களைப் பார்க்காது. போனைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்களைப் பதிவுசெய்து பாருங்கள், முதல் நாளே பத்துத் தவறு தெரியும்.

என் அண்ணி ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் தையல் மெஷினில் குனிந்திருப்பவர். "தம்பி, இதுல எதை வாங்கினா முதுகுவலி போகும்?" என்று கேட்டார். நான் ஒரு துண்டை மடித்து அவர் இடுப்பின் குழிவுக்கு அடியில் வைத்தேன். முழங்காலை மடித்துப் படுத்து, மூச்சை விட்டபடி ஒரு காலை மெல்லத் தூக்கச் சொன்னேன். அந்த நேரத்தில் துண்டை லேசாக இழுத்தால் உருவிக்கொண்டு வரக் கூடாது, அசையவே முடியாமல் நசுங்கவும் கூடாது. பிசியோதெரபிஸ்டுகள் இதையே காற்றடைத்த பையை வைத்து, 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கிப் பார்ப்பார்கள். முதல் வாரம் துண்டு ஒவ்வொரு முறையும் கையோடு வந்தது. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இழுத்தேன். வரவில்லை. "இழுத்தியா?" என்று கேட்டார் அண்ணி.